உள்ளங்காலிலிருந்து உச்சிக்கு

கொழும்பில் ஓட்டோக்களின் பின்னால் ஒட்டியிருக்கும் படங்களில் சாமிகளுக்கும் சினிமாக்காரருக்கும் அடுத்தபடி அதிகம் கண்ணில் படுபவர் பொப் மார்லி. சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டைகளுக்கு நடுவே சடை விரித்துச் சிரித்தபடி, கொட்டாஞ்சேனைப் பக்கம் என்றால் புனித அந்தோனியாருக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்திருப்பார். ஜெம்பட்டா வீதியிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்த ஒரு மத்தியானம், அப்படியொரு வண்டியை ஓட்டிய பையனிடம், இவர் என்னத்தால் செத்தவர் என்று தெரியுமா எனக் கேட்டேன். “கஞ்சா அடிச்சுத்தானே அக்கா” என்றான், அதிலென்ன சந்தேகம் என்பதுபோல. கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் தொடங்கிய கறுப்பொன்றுதான் ஆளைக் கொண்டுபோனது என்றேன். கண்ணாடிக்குள்ளால் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு ஹோர்ன் அடித்தான். நம்பவில்லை.

நம்புவது கஷ்டந்தான். 1977இல் மார்லிக்கு 32 வயது. பாட்டுக்கு அடுத்தபடி பந்தடிதான் அவருக்கு உயிர். வலக்கால் பெருவிரலில் இருந்த காயம் ஆறாமல் இழுபட்டு, கடைசியில் எடுத்த பயொப்சியில்தான் அது அடிபட்ட காயமல்ல, மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று தெரியவந்தது. விரலை எடுத்துவிடச் சொன்னார்கள் வைத்தியர்கள். அங்கத்தை வெட்டிக் குறைப்பது தன் ரஸ்தபாரி நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று மறுத்துவிட்டார். நகத்தையும் அதன் அடித்தோலையும் மட்டும் நீக்கி, தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். அந்தக் காலோடுதான் அதன்பிறகு நாடு நாடாகப் பாடினார், ஆடினார். 1980 செப்டெம்பர் 21ஆம் திகதி நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்தார். நோய் மூளைக்குப் போய்விட்டிருந்தது. இரண்டு நாள் கழித்துப் பிட்ஸ்பர்க்கில் கடைசிக் கச்சேரி. பிறகு ஜேர்மனியின் பவேரியாவில், மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளாத சிகிச்சை முறையொன்றை நடத்திவந்த ஜோசப் இசெல்ஸிடம் சில மாதங்கள். தலைச்சடை போயிற்று, உடம்பு கரைந்தது. ஊரான ஜமேக்காவுக்குத் திரும்பும் வழியில், 1981 மே 11ஆம் திகதி மயாமியில் இறந்தார். வயது 36. அந்த மாதம் முடிகிற இரவில் யாழ்ப்பாணத்தில் நூலகம் எரிந்தது. எங்கள் வீடுகளில் 1981 மே என்றால் நினைவில் நிற்பது அந்த நெருப்பு மட்டுந்தான். மயாமியில் ஒரு பாட்டுக்காரன் செத்தது எவருக்கும் செய்தியாக இருந்திருக்காது.

மார்லியின் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக அவருடைய மத நம்பிக்கையில் பழியைப் போட்டுவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. விரலை எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று இன்று எவரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. மெலனோமாவில் தலைவிதியைத் தீர்மானிப்பது தோலுக்குள் அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது. மில்லிமீற்றர் கணக்கில் அளக்கிற விஷயம். ஒரு மில்லிமீற்றருக்குள் பிடித்தால் பெரும்பாலானவர்கள் தப்பிவிடுகிறார்கள். ‘பந்து பட்ட அடி’ என்று எல்லோரும் சொல்லிக்கொண்டு திரிந்த காலத்தில் அது எத்தனை மில்லிமீற்றர் இறங்கியது? நம்பிக்கையால் போன காலத்தைவிட அந்தச் சாதாரணமான, எவருக்கும் தோன்றக்கூடிய விளக்கத்தால் போன காலந்தான் என்னை உறுத்துகிறது.

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரரின் வருத்தம் என்பது எங்களிடையே பாதி உண்மையாக உலவுகிற பேச்சு. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற இடங்களில் வெளிறிய தோலும் உக்கிர வெயிலும் சேர்ந்து மெலனோமாவை அன்றாட நோயாக்கி வைத்திருக்கின்றன. தெற்காசியாவில் வருடத்துக்கு லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட அது வருவதில்லை. எங்கள் தோலில் நிறைய இருக்கும் மெலனின் வெயிலின் கெடுதியை வாங்கிக்கொள்கிறது. (அந்த மெலனினைக் கரைப்பதற்கென்றே காலி வீதியில் கடைக்குக் கடை கிறீம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதை எழுதப் போனால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.) ஆனால் எங்களைப் போன்ற நிறத்தவருக்கு மெலனோமா வருகிறபோது அது வெயில் படுகிற முகத்திலோ தோளிலோ வருவது குறைவு. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என வெயில் எட்டிப் பார்க்காத இடங்களில்தான் வருகிறது. இந்த வகையைத் தனியாகப் பிரித்துக் காட்டியவர் ரிச்சர்ட் ரீட் என்ற அமெரிக்க நோயியலாளர். ஆண்டு 1976. மார்லியின் விரலில் கத்தி படுவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு. அதாவது அவருடைய நோய் மருத்துவப் புத்தகத்துக்கே அப்போதுதான் புதிது.

உள்ளங்காலை யார் பார்க்கிறார்கள்? எங்கள் ஊர் வழக்கத்தில் காலுக்குக் கும்பிடும் உண்டு, தீட்டும் உண்டு. பார்வை மட்டும் கிடையாது. பெரியவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவோம். தெரியாமல் நம் கால் ஒருவர்மீது பட்டுவிட்டால் பதறுவோம். ஒருவருக்கு எதிரே உள்ளங்கால் தெரியக் கால் நீட்டி இருப்பது மரியாதைக் குறைவு. ஆடிவேல் ரதம் செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு வருகிறபோது வெறுங்காலோடு தார் றோட்டில் நடக்கிறவர்கள் எத்தனை பேர். வீட்டுக்குப் போய்க் காலைக் கழுவுவார்கள், எண்ணெய் தடவுவார்கள். காலைப் புரட்டி அடியைப் பார்ப்பவர் இருக்கமாட்டார். ஐம்பது வயதுக்கு மேல் குனிந்து பார்க்க இடுப்பும் விடாது, பார்த்தாலும் கண்ணாடி இல்லாமல் தெரியாது.

ஜப்பானியர் பார்த்தார்கள். அங்கேயும் மெலனோமா அதிகம் வருவது உள்ளங்காலில்தான் என்பதால் அந்நாட்டுத் தோல் வைத்தியர்கள் காலடிக்குள் ஒரு முழு உலகத்தையே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். உள்ளங்காலில் கைரேகையைப் போலவே மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடுகின்றன. டேர்மொஸ்கோப் என்ற, விளக்குப் பொருத்திய பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் ஒரு மச்சத்தின் நிறம் எங்கே தங்கியிருக்கிறது என்பது தெரியும். பள்ளத்தில் கோடு கோடாக நிறம் இருந்தால் அநேகமாக அது சாதாரண மச்சம். மேடுகளின்மேல் நிறம் படர்ந்திருந்தால் பயப்பட வேண்டும். தொஷியாக்கி சைதா என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் நிறுவிய இந்த வேறுபாட்டை அறிந்த நாளிலிருந்து நான் என் காலை வேறு மாதிரித்தான் பார்க்கிறேன். முடியின் பருமனே உள்ள இரண்டு வரி. ஒன்றில் நிறம் நின்றால் வீட்டுக்குப் போகலாம். மற்றதில் நின்றால் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். 2016இல் இன்னொரு ஜப்பானியக் குழு, உடம்பின் பாரம் அழுந்துகிற குதிக்காலிலும் முன்பாதத்திலும்தான் இந்தப் புற்று அதிகம் வருகிறது, பாரம் படாத வளைவில் குறைவு என்று காட்டியது. நடப்பதே ஒரு காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் அதிலிருந்து எழுகிறது.

இங்கே இது வந்தவர் வைத்தியரிடம் போகும்போது அதற்கு ஏற்கெனவே இரண்டு மூன்று பெயர்கள் வைத்தாகியிருக்கும். கால் ஆணி. நகச்சுத்து. செருப்புக் கடி. சலரோகக்காரரானால் ஆறாத புண். ஒவ்வொன்றும் ஊரில் நிறையப் பேருக்கு உண்மையிலேயே இருக்கிற வருத்தம் என்பதால் ஒருவரையும் குறைசொல்ல முடியாது. நகத்தில் கறுப்புக் கோடு என்று பார்த்தாலும், எங்கள் நிறத்தில் பத்து விரலிலும் கோடு விழுந்த ஆட்கள் தாராளம். அவர்களுக்கு ஒன்றுமில்லை. ஒரே ஒரு நகத்தில், அதுவும் பெருவிரலில், புதிதாக வந்து, நாளாக நாளாக அகன்று, நகத்தைத் தாண்டித் தோலிலும் மை ஊறினாற்போல் இறங்கினால் அது வேறு. இந்தத் தோலில் இறங்குகிற அடையாளத்தை ஜொனதன் ஹட்சின்சன் என்ற லண்டன் வைத்தியர் 1886லேயே எழுதி வைத்துவிட்டார்.

சரி, காலிலிருந்து தலைக்கு ஏன் போகிறது? குருதி போகிற இடமெல்லாம் போகிறது என்பது ஒரு பதில். 1889இல் ஸ்டீபன் பாஜெட் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் அதை ஏற்கவில்லை. மார்புப் புற்றுநோயால் இறந்த பெண்களின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து, புற்று சில உறுப்புகளையே நாடுகிறது, சிலவற்றைத் தொடாமலே விடுகிறது என்று கண்டார். விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். பிறகு வந்தவர்கள் குழாய் எங்கே போகிறதோ அங்கேதான் தண்ணீர் என்ற தோரணையில் அவரை ஒதுக்கிவைத்தார்கள். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து ஐசையா ஃபிட்லர் என்பவர் எலிகளில் செய்த பரிசோதனைகள் பாஜெட்டைத் திரும்பக் கொண்டுவந்தன. அந்தப் பரிசோதனைகளுக்கு அவர் எடுத்துக்கொண்ட புற்று மெலனோமாவேதான்.

மெலனோமாவுக்கு மூளையின்மீது இருக்கிற நாட்டம் அலாதி. மூளைக்குப் பரவும் புற்றுநோய்களில் நுரையீரலுக்கும் மார்புக்கும் அடுத்தபடி மூன்றாவது இடம் அதற்கு. எவ்வளவு அரிய நோய் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் அந்த இடத்தின் கனம் விளங்கும். முற்றிய நிலைக்கு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது மூளைக்குப் போய்விடுகிறது. இதற்கு ஒரு பழைய உறவுக் கதையும் உண்டு. முளையம் மூன்றாவது வாரத்தில் இருக்கும்போது அதன் மேற்படை ஒரே தகடு. அதன் நடுப்பகுதி மடிந்து, உள்ளே இறங்கிக் குழாயாகி, மூளையாகவும் முண்ணாணாகவும் மாறுகிறது. வெளியே நின்ற பகுதி மேற்தோலாகிறது. மடிந்த விளிம்பில் இருந்த கலங்கள் இரண்டிலும் சேராமல் கழன்று உடம்பெங்கும் நடந்து போகின்றன. அப்படி நடந்து போய்த் தோலில் குடியேறியவைதான் நிறமியைச் செய்யும் கலங்கள். உள்ளங்காலுக்குப் போனவை நெடுந்தூரம் நடந்தவை. புற்றாகிக் கெட்ட பிறகு அவை மூளைக்குப் போவதைப் பிறந்த வீட்டுக்குத் திரும்புவதாகச் சொல்ல மனம் ஆசைப்படுகிறது. விஞ்ஞானம் அவ்வளவு தூரம் வராது. ஆனால் அந்த மண்ணில் பிழைக்கும் வித்தை அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. மூளைக்குள் போன மெலனோமாக் கலங்கள் அமிலொயிட் பீட்டாவைச் சுரந்து, மூளையின் காவற்கலங்கள் தம்மைத் தாக்காதபடி அமர்த்தி வைக்கின்றன என்று 2022இல் நியூயோர்க் ஆய்வாளர்கள் கண்டார்கள். அல்சைமர் நோயாளரின் மூளையில் படிகிறதே, அதே புரதம்.

எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். தலைக்கும் காலுக்கும் நடுவில் பெரிய படிவரிசையையே கட்டி வைத்திருக்கிறோம்; அந்தப் படிவரிசையை மனிதருக்குள்ளும் போட்டுப் பார்த்தோம். உடம்புக்கு அந்தக் கணக்கு எதுவும் தெரியாது. மேலும் கீழும் ஒரே தகட்டில் பக்கம் பக்கமாகக் கிடந்தவை.

மூளைக்கு வந்துவிட்டது என்பது வீட்டில் முதலில் தெரிவது தலையிடியாக இருக்கலாம். சிலருக்கு வலிப்பு, சிலருக்கு ஒருபக்கக் கைகால் சோர்வு. மெலனோமாக் கட்டிகளுக்கு இரத்தம் கசிகிற குணம் அதிகம் என்பதால் திடீரென்று பாரிசவாதம் போலவே விழுத்திவிடும். இன்னொரு வகை இருக்கிறது. அதுதான் குடும்பத்தைச் சிதறடிப்பது. குணம் மாறுவது. சாந்தமான மனிசி வாய்க்கு வந்தபடி ஏசுவார். கணக்கில் கெட்டிக்காரர் சில்லறை எண்ணத் தெரியாமல் கடையில் நிற்பார். சூனியம் என்று நூல் கட்டப் போவதும், வயது போனால் இப்படித்தான் என்று விடுவதும் இந்தக் கட்டத்தில்தான். மூன்று வருடத்துக்கு முன்பு காலில் வெட்டியெடுத்த ஒரு சிறு கறுப்பை இதோடு சேர்த்து நினைக்க யாருக்கு வரும்? வைத்தியருக்கே அதை யாராவது சொன்னால்தான் வரும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து புறப்படும் 112ஆம் இலக்க பஸ் மகரகமை வரை போகிறது. மடியில் எக்ஸ்ரே உறையை வைத்துக்கொண்டு இருப்பவர்களை அதில் எந்த நாளும் காணலாம். எங்கள் வீடுகளில் நோயின் பெயரை எடுக்கமாட்டார்கள், “மகரகமைக்குக் காட்டுகினமாம்” என்று குரலைத் தாழ்த்தினால் போதும். இப்போது அபேக்ஷா வைத்தியசாலை என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். அங்கே பெட் ஸ்கான் இயந்திரம் இல்லாதிருந்த காலத்தில், மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் முன்னின்று, 2016இல் பொதுமக்களிடமே 20 கோடி ரூபாய்க்கு மேல் சேர்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளையின் உண்டியல் காசிலிருந்து, இனம் மதம் பார்க்காமல் எல்லாரும் கொடுத்தார்கள். இந்த நாட்டில் அபூர்வமாக நடந்த நல்ல காரியம் அது. ஆனால் மூளை விஷயத்தில் அந்த இயந்திரத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. உடம்பில் எங்கே சர்க்கரை அதிகம் எரிகிறதோ அந்த இடத்தை அது ஒளிரச் செய்து காட்டும். புற்றும் சர்க்கரை தின்னி. மூளையோ நோயே இல்லாவிட்டாலும் எந்நேரமும் சர்க்கரையை எரித்துக்கொண்டிருப்பது, படத்தில் முழுவதுமே ஒளிர்ந்து நிற்கும். அந்த வெளிச்சத்துக்குள் சிறு கட்டிகள் மறைந்துவிடும். அவற்றைத் தேட எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

2015 ஓகஸ்டில் ஜிம்மி கார்ட்டருக்கு அப்படி எடுத்த ஸ்கானில்தான் மூளையில் நான்கு சிறு புள்ளிகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீற்றர் அளவு. ஈரலிலிருந்து எடுத்த கட்டி மெலனோமா என்று அதற்குச் சற்று முன்புதான் உறுதியாகியிருந்தது. முன்னாள் அமெரிக்க ஜனாதிபதிக்கு அப்போது வயது 90. பத்து வருடத்துக்கு முன்பாக இருந்தால் மாதக் கணக்கில்தான் பேசியிருப்பார்கள். அவருக்கு மூளையில் குறிவைத்த கதிர்ச்சிகிச்சையும் பெம்ப்ரோலிசுமாப் என்ற புது மருந்தும் கொடுத்தார்கள். அந்த மருந்து புற்றை நேரடியாகக் கொல்வதில்லை. எமது வெண்குருதிக் கலங்களில் இயல்பாகவே இருக்கும் ஒரு தடையை விலக்கிவிடுகிறது. தடை நீங்கிய கலங்கள் போய் வேலையைப் பார்க்கின்றன. மருந்துகள் நுழைய முடியாத கோட்டை என்று நீண்ட காலம் கருதப்பட்ட மூளைக்குள்ளும் அவை போகின்றன. டிசம்பரில், தான் படிப்பிக்கும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில், ஸ்கானில் ஒன்றுமில்லை என்று கார்ட்டர் அறிவித்தார். 2024 டிசம்பரில் இறந்தபோது வயது 100. இந்தத் தடைகளைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹொஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது.

கார்ட்டரின் கதை கேட்க இனிக்கிறது. இருந்தாலும் மார்லியின் விரலுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. வெயிலால் வரும் மெலனோமாவில் மரபணுக் கோளாறுகள் ஏராளம். அந்தக் கோளாறுகளைக் கொண்டுதான் வெண்கலங்கள் புற்றை அன்னியமாக அடையாளம் காண்கின்றன. வெயில் படாத உள்ளங்காலில் வருவதில் அவை குறைவு. ஆகவே இதே மருந்து இதில் குறைவாகவே வேலை செய்கிறது. பெரிய ஆய்வுகளில் சேர்ந்த நோயாளர்களில் பெரும்பாலானோர் வெள்ளையர். அபூர்வமான நோய், அதிலும் அபூர்வமான வகை, அதுவும் கறுப்புத் தோலில். விலை இன்னொன்று. அமெரிக்காவில் மூன்று வாரத்துக்கொருமுறை ஏற்றும் ஒரு தடவைக்கே பத்தாயிரம் டொலருக்கு மேல் பட்டியல் விலை. 2019இல் உலக சுகாதார அமைப்பு பரவிய மெலனோமாவுக்கென இதைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மூன்று வருடம் கழித்து, டொலர் இல்லாமல் நாடு நின்றபோது, மகரகமையில் பழைய, மலிவான புற்றுநோய் மருந்துகளுக்கே தட்டுப்பாடு.

எனவே சுற்றிச் சுற்றி நான் மில்லிமீற்றருக்கே திரும்பி வருகிறேன். யார் முதலில் பார்க்கிறார்கள் என்பதுதான் எங்கள் ஊருக்கு உதவக்கூடிய கேள்வி. வெள்ளவத்தையில் எந்தத் தோல் வைத்திய நிபுணரையும்விட அதிகமான கால்களை எடுத்துப் பார்ப்பவர்கள் சலூன்களில் வேலைசெய்யும் பிள்ளைகள். கலியாண வீட்டு அவசரத்தில் நான் போகும் ஒரு சிறிய இடத்தில், ஹற்றன் பக்கத்துப் பிள்ளையொன்று ஒருவர் காலை மடியில் வைத்து, விரல் விரலாகப் பிரித்து, பழைய பூச்சைத் துடைத்து, நகத்தின் ஓரத்தை வழித்து, குதிக்காலைத் தேய்க்கும். ஒரு ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் எவருக்கும் கிடைக்காத அரை மணித்தியாலம். கறுப்புக் கோடு உள்ள நகம் வந்தால் என்ன செய்வீர் என்று கேட்டேன்.

“டார்க் கலர் அடிச்சு விட்டுருவோங்க்கா. தெரியாது.”

மார்லி, ஹட்சின்சன் எல்லாரையும் விட்டுவிட்டு, ஒரே விரலில் அகன்றுகொண்டு போனால், தோலில் இறங்கியிருந்தால், டொக்டரிடம் காட்டச் சொல்லும் என்று மட்டும் சொன்னேன். தொட்டியிலிருந்த என் மற்றக் காலை எடுத்துத் துவாயில் வைத்துவிட்டு யோசித்தது.

“அப்படி ஒருத்தங்க வாறாங்க. சொன்னா கோவிச்சுக்குவாங்கக்கா. அடுத்த தடவ வேற கடைக்குப் போயிருவாங்க, அப்புறம் மெடம் என்னயத்தான் ஏசுவாங்க.”

யாரென்று நான் கேட்கவில்லை. அவர் வரும்போது தன்னுடைய போனிலேயே நகத்தைப் படம் எடுத்து, வருகிற மாதம் வரும்போது பக்கத்தில் வைத்துக் காட்டினால் எப்படி என்று கேட்டேன். வாடிக்கையாளர் நகத்தைப் படம் எடுப்பது அங்கே வழக்கந்தானே, பேஸ்புக்கில் போட. அதைச் செய்யலாம் என்றது.